டெங்குவை எதிர்க்கும் செல்கள்: உடலுக்குள் ஒரு காவல்

மழைக்காலத்தில் பல வீடுகளில் பார்க்கிற காட்சி இது. தம்பி டெங்குக் காய்ச்சலில் சுருண்டு கிடப்பான். அவன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிய அக்காவுக்கு லேசான தலைவலிகூட இருக்காது. 'அவளை மட்டும் கொசு விட்டுவிட்டதா?' என்று வீட்டில் கேட்பார்கள். அநேகமாக விட்டிருக்காது. வயிறு நிறையும்வரை ஒருவரை விட்டு இன்னொருவரைக் கடிப்பது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் வழக்கம்.

டெங்கு வைரஸ் தொற்றியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் நோய் வெளியே தெரிகிறது. மற்ற மூவரின் உடல் சத்தமில்லாமல் வைரஸை அடக்கிவிடுகிறது. அந்தக் காவல் எப்படி நடக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்துகொண்டால், காய்ச்சல் வந்த வீட்டில் பதற்றமும் குறையும், அலட்சியமும் குறையும்.

தோலிலேயே தொடங்கும் மோதல்

கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு வைரஸும் தோலுக்குள் இறங்குகிறது. தோலில் காவல் காக்கும் எதிர்ப்புச் செல்களைத்தான் டெங்கு வைரஸ் முதலில் பிடிக்கிறது. காவலரின் வீட்டிலேயே திருடன் நுழைவது போலத்தான்.

உள்ளே நுழைந்த வைரஸ், தன் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கத் தொடங்குகிறது. அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. படியெடுக்கும்போது நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகும். ஆரோக்கியமான செல்லின் உட்பகுதியில் அப்படி ஒன்று கிடப்பது வழக்கமில்லை. 'ரிக்-ஐ', 'எம்.டி.ஏ.5' என்ற இரண்டு புரதங்கள் இந்த அந்நியப் பொருளைத் தேடியபடியே இருக்கின்றன. அது கையில் பட்டதும் செல்லுக்குள் அபாய மணி அடிக்கிறது.

அக்கம்பக்கத்தை எழுப்பும் இன்டர்ஃபெரான்

மணி அடித்ததும் செல் வெளியிடும் புரதம்தான் இன்டர்ஃபெரான். லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் இருவரும் 1957-ல் இதைக் கண்டறிந்தார்கள். செயலிழந்த ஃபுளூ வைரஸைக் கோழி முட்டைச் சவ்வில் படவைத்தபோது, அந்தச் சவ்வு ஏதோ ஒன்றைச் சுரந்தது. அந்தச் சுரப்பு பட்ட புதிய சவ்விலும் உயிருள்ள வைரஸால் வளர முடியவில்லை.

வைரஸ் புகுந்த செல் ஒருவேளை பிழைக்காமல் போகலாம். ஆனால் அது அனுப்பிய இன்டர்ஃபெரான் பக்கத்துச் செல்களின் கதவைத் தட்டி எழுப்புகிறது. அந்தச் செல்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அவை உருவாக்கும் புரதங்களில் சில, வைரஸ் உள்ளே நுழையும் வாசலை அடைக்கின்றன. 'பி.கே.ஆர்.' என்ற புரதம், செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடுகிறது. நமது செல்லின் அடுப்பில்தான் வைரஸ் சமைத்தாக வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டால் அதற்கு வேலை ஓடாது. 'ஆர்.என்.ஏஸ் எல்' என்பது வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. எதுவும் பலிக்காவிட்டால், வைரஸோடு சேர்ந்து தன்னையே அழித்துக்கொள்ளும் செல்களும் உண்டு. சிக்குன்குன்யா, ஜிகா வைரஸ்களுக்கு எதிராகவும் உடல் முதலில் எடுப்பது இந்த இன்டர்ஃபெரான் ஆயுதத்தைத்தான்.

வைரஸின் எதிர்த் தந்திரம்

பத்தே பத்துப் புரதங்களை வைத்திருக்கும் டெங்கு வைரஸ், அவற்றில் சிலவற்றை நம் காவலை முடக்குவதற்கென்றே பயன்படுத்துகிறது. 'என்.எஸ்.5' என்ற அதன் புரதம், இன்டர்ஃபெரானின் செய்தியைச் செல்லின் உட்கருவுக்குக் கொண்டுபோகும் 'ஸ்டாட்2' என்ற தூதரைப் பிடித்து அழித்துவிடுகிறது. கதவு தட்டப்படுகிறது, உள்ளே சொல்ல ஆளில்லை.

இந்தத் தந்திரம் எலியிடம் பலிப்பதில்லை. எலியின் ஸ்டாட்2 வேறு மாதிரி இருப்பதால் என்.எஸ்.5 அதைப் பிடிக்க முடியவில்லை. சாதாரண எலிக்கு டெங்கு நோய் வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்டர்ஃபெரானின் செய்தியை ஏற்க முடியாதபடி மரபணு மாற்றிய எலிகளுக்கோ டெங்கு கடுமையாக வருகிறது. இந்தக் காவல் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காய்ச்சலும் அசதியும் எதற்காக?

உடம்பு கொதிப்பது, கை கால் அடித்துப் போட்டாற்போல வலிப்பது, எழுந்து உட்கார முடியாத அசதி. இவற்றில் பெரும்பங்கு உடலின் எதிர்ப்பு வேலையால் வருவது. இன்டர்ஃபெரானும் அதன் கூட்டாளிகளும் மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டை உயர்த்துகின்றன. ஒரு காலத்தில் ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இதே காய்ச்சலும் உடல்வலியும் வந்தன.

எதிர்ப்பு அளவு மீறினால் அதுவே ஆபத்தாகும். வேதிப்பொருள்கள் கட்டுக்கடங்காமல் சுரக்கும்போது ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. தட்டணுக்கள் குறைகின்றன. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்தக் கசிவுதான்.

இரண்டாம் முறை வரும் டெங்கு சில நேரம் ஏன் மோசமாகிறது என்பதும் இங்கேதான் விளங்கும். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. முதலில் தொற்றிய வகைக்கு உருவான எதிர்ப்புப் புரதம், அடுத்து வரும் வேறு வகையோடும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதை முழுதாக முடக்காது. சில நேரம் அதுவே வைரஸைச் செல்லுக்குள் கைபிடித்து அழைத்துப்போய்விடுகிறது. 'எனக்கு ஒரு தடவை வந்துவிட்டது, இனி வராது' என்று இருக்க வேண்டாம்.

'காய்ச்சல் விட்டிருச்சு' என்று சொல்லும் நேரம்

டெங்குவில் காய்ச்சல் பெரும்பாலும் 2 முதல் 7 நாள் வரை இருக்கும். தெர்மாமீட்டர் இறங்கியதும் வீடே பெருமூச்சு விடும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய நேரம். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், சில்லிட்ட கை கால், சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

டெங்கு வைரஸைக் கொல்வதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றைக்கு இல்லை. உடல் போரிடுகிறது, நம் வேலை அதற்குத் தோள் கொடுப்பது. ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, இளநீர், மோர் என்று நீராகாரம் அடிக்கடி கொடுங்கள். காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் ரத்தக்கசிவைக் கூட்டும், தொடவே வேண்டாம். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் காய்ச்சல் தொடங்கிய அன்றே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கஷாயமோ பப்பாளி இலைச் சாறோ மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடும் சாக்காகிவிடக் கூடாது. ஒரே நாளில் எதிர்ப்புச் சக்தியை ஏற்றும் மாத்திரை எந்தக் கடையிலும் கிடையாது.

கொசுவுக்குள்ளும் ஒரு காவல்

வைரஸ் கொசுவின் செல்லுக்குள்ளும் வாழ்ந்தாக வேண்டும். வோல்பேக்கியா என்ற பாக்டீரியா ஏடிஸ் கொசுவின் செல்லுக்குள் குடியேறினால், டெங்கு வைரஸ் அங்கே எளிதில் பெருக முடிவதில்லை. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரில் இப்படிப்பட்ட கொசுக்களை விட்டுப் பார்த்த ஆய்வில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. முடிவுகள் 2021-ல் வெளியாயின. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் வோல்பேக்கியா கொண்ட ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருக்கிறது.

உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள்

ஃபிரிட்ஜின் பின்னால் குனிந்து, நீர் சேரும் தட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். தெளிந்த நீரில் சிறு நூல் துண்டுகள் போல ஏதோ தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கலாம்; நிழல் பட்டதும் நெளிந்து கீழே இறங்கும். அவைதான் ஏடிஸ் கொசுவின் புழுக்கள். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். நீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டுவதோடு நிறுத்தாமல், பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். குடம், டிரம், தொட்டி எல்லாவற்றையும் மூடி வையுங்கள். இந்தக் கொசு பகலில் கடிப்பது. பகலில் தூங்கும் குழந்தைக்கும் கொசுவலை கட்டுங்கள்.

உங்கள் செல்கள் இரவு பகலாகக் காவல் காக்கின்றன. அவற்றின் சுமையைக் குறைக்க வாரத்துக்கு ஒரு நாள், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.