பழைய மோட்டார் வண்டியும் அடிப்பூச்சும்

பழைய மோட்டார் வண்டி ஒன்றைப் புதுப்பிக்க முற்பட்டவனிடம் எவரும் முதலில் கேட்பது, "என்ன வர்ணம் அடிக்கப் போகிறீர்கள்?" என்பதுதான். தொடக்கத்தில் நானும் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். வர்ணத்தின் அடியில் எதைப் பூசுவது என்று எண்ணாமற்போனதால் இரண்டு கதவுகளை இழக்கும் நிலைக்கு வந்தேன். அந்த அனுபவத்தையே இங்கே கூற விரும்புகிறேன்.

என் தந்தையார் விட்டுச் சென்ற வண்டி, 1965-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டைத் தழுவிச் சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட வண்டி அது. அதற்கு உருவம் தந்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். உறுதியான தனிச் சட்டம் ஒன்றின்மேல் முன்மூடி, கதவு, பின்புறம் ஆகியவற்றைத் தனித்தனியே மரையாணிகளால் பொருத்தியிருப்பார்கள். ஆதலின், ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு பகுதியாகக் கழற்றிச் சீர்செய்வது எளிது. ஆனால் அந்த வசதியிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. முதலில் சீரான பகுதி, கடைசிப் பகுதி முடியும்வரை வெறும் அடிப்பூச்சோடு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கதவுகள் இரண்டையும் டிங்கர் பட்டறையில் தட்டி நேராக்கினேன். உப்புத்தாளால் தேய்த்து, ஜன்னல் கம்பிகளுக்குப் பூசும் ரெட் ஆக்ஸைடு பிரைமரை நானே பூசித் தாழ்வாரத்தில் சாத்தி வைத்தேன். எங்கள் வீடு கடற்காற்று வீசும் திருவான்மியூரில் உள்ளது. ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து மார்கழியில் பார்த்தபோது பூச்செங்கும் சிறு கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் கீறினேன்; உள்ளே துரு.

காரணம் இதுதான். பிரைமரை நாம் கவசம் என்று கருதுகிறோம். சாதாரணப் பிரைமரின் முதல் வேலையோ உலோகத்தையும் மேல்வர்ணத்தையும் பிணைப்பதே. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. மேல்வர்ணம் வந்து மூடும்வரை ஈரமும் உப்பும் அவற்றின் வழியே இறங்கும். போதாக்குறைக்கு, தகட்டின் சிறு குழிகளில் நான் தேய்த்தும் போகாத பழைய துரு எஞ்சியிருந்தது.

பிரைமர்களுள் மூன்று வகைகளை அறிந்துகொள்வது நல்லது. முதலாவது அமிலப் பிரைமர். உலோகத்தைச் சிறிதே அரித்து இறுகப் பற்றிக்கொள்ளும்; ஆயினும் மெல்லியது, நெடுநாள் தனித்து நிற்காது. அதன்மேல் பட்டியையோ எபாக்ஸியையோ நேரே பூசலாகாது என்று தடுக்கும் உற்பத்தியாளர் பலர். இரண்டாவது, மேடு பள்ளங்களை நிரப்பித் தேய்ப்பதற்கான தடித்த பிரைமர். ஈரத்தை உறிஞ்சுமாதலால், வர்ணம் அடிக்கும் தறுவாயில்தான் அதற்கு இடம். மூன்றாவது எபாக்ஸி. இரண்டு டப்பாக்களில் வரும் இதைக் கலந்தால் இரசாயன மாற்றத்தால் இறுகும். ஈரம் எளிதில் புகாது. தவணை முறையில் வேலை செய்வோர்க்கு உற்றது இதுவே. எனினும் வெயிலில் கிடந்தால் மாவு பூக்கும். நிழலில் வைக்க வேண்டும். உற்பத்தியாளர் குறித்த கெடு கடந்துவிட்டால், மீண்டும் தேய்த்த பின்னரே அடுத்த பூச்சு பூசலாம். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேற்பட்ட நாளில் எதையும் பூசாதிருப்பது நலம்.

இனி, வர்ணம். 1920-களில் அமெரிக்காவில் பரவிய 'டூகோ' என்னும் நைட்ரோசெல்லுலோஸ் வர்ணம், மோட்டார் வண்டிக்கு வர்ணமடிக்கும் காலத்தை வாரங்களிலிருந்து நாட்களாகக் குறைத்தது. தின்னர் ஆவியாகிப் போவதால் உலரும் இவ்வகையைப் பின்னர் தேய்த்து மெருகேற்றலாம். ஆனால் ஈரக்காற்றில் வெளிறும். அடியில் பழைய எனாமல் இருந்தால் இதன் தின்னர் அதைச் சுருங்கவைத்துக் கிளப்பும். பாலியூரித்தேன் நெடுநாள் மங்காது; ஆயினும் அதன் இறுக்கியில் உள்ள ஐசோசயனேட்டு தெளிப்பவருக்கு ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. துணியை மூக்கில் கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. குழாய் வழியே தூய காற்று வரும் முகமூடி வேண்டும். அவ்வசதியுள்ள பட்டறையில் ஒப்படைப்பதே அறிவுடைமை. பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடுமாதலால், அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பவும் வேண்டா.

அடிப்பூச்சைத் தவணையில் பூசலாம்; வர்ணத்தைத் தவணையில் அடிக்கலாகாது. இன்று கலந்த நீலமும் அடுத்த ஆண்டு கலக்கும் நீலமும் அருகருகே நின்றால் வேற்றுமை தெரிந்துவிடும். எல்லாப் பகுதிகளும் சேர்ந்தபின், ஒரே கலவையில், ஒரே முறையில் முடிப்பதே தக்கது.

என் கதவுகளை மீண்டும் வெறுந்தகடாக்கி எபாக்ஸி பூசினேன். இரண்டு மழைக்காலம் கடந்தும் கொப்புளம் இல்லை. வண்டி இன்று முழுவதும் சாம்பல் நிறமாகவே நிற்கிறது. கதவின் உட்பலகையைக் கழற்றியபோது, வெயில் படாத மூலையில் தந்தையார் காலத்து இளநீலம் மங்காமல் இருக்கக் கண்டேன். உள்ளங்கை அகலமுள்ள அந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள் படவில்லை. "என்ன வர்ணம்?" என்று கேட்போருக்கு இப்போது அதையே காட்டுகிறேன்.