தண்டுடைய பொடிக்காளான்

மழை பெய்து ஓய்ந்தபின் வத்தளை போன்ற கரையோரப் பகுதிகளின் வரம்புகளிலும் மரக்கறித் தோட்டங்களிலும் பலவகைக் காளான்கள் முளைத்தலைக் கமக்காரர் அறிவர். இவற்றுள் உண்ணத்தக்கனவும் நஞ்சுள்ளனவும் உள. தோற்றங் கொண்டு இவற்றைப் பிரித்தறிதல் எளிதன்று. இதற்குப் பொடாக்சிசு என்னும் சாதி நல்லதோர் உதாரணமாகும்.

பொடிக்காளான்கள் பெரும்பாலும் தண்டின்றி நிலத்தின்மேல் உருண்டையாக இருக்கும். பொடாக்சிசோ நீண்ட தண்டும், விரியாத முட்டை வடிவக் குடையும் உடையது. தண்டு குடையினூடே உச்சிவரை செல்லும். இளமையில் வெண்மையாயிருக்கும் இக்காளான் முதிர்ந்ததும், உட்பாகம் கருங்கபில நிறப் பொடியாகும். அப்பொடியே வித்திகளாம், மேற்றோல் கிழிய, அவை காற்றிற் பரவும். உருவம் பொடிக்காளானை ஒத்ததாயினும், இது செதிளுடைய குடைக்காளான்களுக்கே நெருங்கிய உறவென மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்தியாவிற் கேனிக் என்பார் சேகரித்த மாதிரியைக் கொண்டு, 1771ஆம் ஆண்டில் இலின்னேயசு இதனை விவரித்தார். இராசத்தான் பாலைநிலத்தார் மழைக்காலத்தில் இதன் இளங்காளானைக் கறியாகச் சமைப்பர், முதிர்ந்ததை உண்ணார். ஆபிரிக்காவிலும் அவுத்திரேலியாவிலும் இது கறையான் புற்றுகளின்மேல் முளைக்கின்றது.

எனினும், புற்றில் முளைப்பன யாவும் ஒன்றே எனக் கொள்ளலாகாது. இலங்கையிற் கறையான்கள் தம் புற்றினுள் வளர்க்கும் காளான் வேறொரு சாதியாகும். அதனைப் பேராதனையிற் பணியாற்றிய பெச்சு என்பார் ஆராய்ந்து, 1906இல் வெளியிட்டார்.

இளம் வெண்காளான்கள் பல ஒன்றையொன்று ஒத்திருத்தலாலேயே ஆபத்து விளைகின்றது. பச்சை வித்திகளையுடைய ஒருவகைக் குடைக்காளான் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். அமனிற்றா சாதியின் கொடிய இனங்களோ ஈரலை அழிப்பன. அவற்றின் நஞ்சு சமைத்தலால் நீங்காது. வெள்ளி நாணயங் கறுக்காமையும், பூச்சி அரித்திருத்தலும் நஞ்சின்மைக்குச் சான்றாகா.

ஆதலாற் கமக்காரர் கவனிக்கவேண்டியவை:

1. ஐயமற அறியாத காளானை உண்ணற்க, சிறுவரையும் தடுக்க.

2. உண்டபின் வாந்தியோ வயிற்றோட்டமோ கண்டால், எஞ்சிய காளானுடன் உடனே வைத்தியசாலைக்குச் செல்க. கொடிய நஞ்சின் குறிகள் ஆறு மணி நேரத்துக்குப் பின்னரும் தோன்றலாம். இடையிற் குணமானதுபோலவுந் தோற்றும். அதனை நம்பிச் சிகிச்சையைத் தாமதித்தலாகாது.

3. பொடாக்சிசு நெல்லுக்கோ மரக்கறிப் பயிருக்கோ நோய் தருவதன்று. இதன்பொருட்டுப் பங்கசு நாசினி தெளித்தல் வீண்செலவேயாகும்.