ஆந்தை பார்க்கப் போகிறீர்களா?

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும்போது தென்படும் பாறைச் சரிவுகளைக் கவனித்திருப்பீர்கள். கொம்பன் ஆந்தைக்கு இப்படிப்பட்ட இடம்தான் பிடிக்கும். அது கூடு கட்டாது. பாறை விளிம்பில் வெறும் தரையிலேயே முட்டையிடும். கார்த்திகை முதல் பங்குனி வரை அங்கே கால் வைக்கும்போது கவனம் தேவை.

கல்வராயன் மலையில் ஆந்தை பார்க்க நினைப்பவர்கள் பறவைகளை அறிந்த வழிகாட்டியோடு செல்லுங்கள். இருட்டியபின் காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் புள்ளி ஆந்தையைப் பார்க்கக் காடே வேண்டாம். ஊரோரப் புளியமரப் பொந்து போதும்.

மரத்தடியில் சாம்பல் நிற உருண்டை கிடந்தால் எச்சம் என்று ஒதுக்காதீர்கள். செரிக்காத எலும்பையும் மயிரையும் ஆந்தை வாய்வழியே கக்கியது அது. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலியின் மண்டையோடும் பற்களும் முழுசாகக் கிடைக்கும். ஆந்தை என்ன தின்கிறது என்பதை ஆய்வாளர்கள் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். நெல்வயலில் எலி பிடிக்கக் கூகையை வரவழைக்கும் முயற்சிக்கும் இதுவே ஆதாரம்.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும், கண்ணில் பளிச்சென்று வெளிச்சம் அடிப்பதும் கூடவே கூடாது. குஞ்சுகளை விட்டுத் தாய் பறந்துவிடும். மாந்திரீகத்துக்கென்று ஆந்தை பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்டால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.