அப்பாவுக்குக் கோபம் இல்லை, காது மந்தம்

பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையோரம் டி.டி.5 நிற்கிறது. 1938இல் கட்டிய, 4,500 டன் எடையுள்ள ஈயம் வாரும் கப்பல் அது. 1982 வரை 44 ஆண்டுகள் மண்ணை இரும்புக் கூடைகளில் அள்ளிச் சலித்தது. அத்தகைய இயந்திரங்களுக்கு நடுவே அடுத்தாளிடம் பேசவும் கத்தத்தான் வேண்டும். ஈய லம்பத்திலும் ரப்பர் ஆலையிலும் உழைத்து ஓய்ந்தவர்களின் வீடுகளில் இன்று எழும் குறை ஒன்றுண்டு: "அப்பா எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறாரு."

பல வேளைகளில் அவருக்குக் கோபமே இருப்பதில்லை.

சத்தம் கேட்கும், சொல் புரியாது

உட்காதின் நுண்ணிய மயிரணுக்களை நீடித்த இரைச்சல் அழிக்கிறது. அழிந்தவை மீண்டும் வளர்வதில்லை. கூர்மையான ஒலிகள்தாம் முதலில் மங்கும். 'ச', 'த' போன்ற எழுத்துகள் நழுவுவதால், நாம் பேசுவது கேட்டாலும் என்ன சொன்னோம் என்று அவருக்குப் பிடிபடாது. தம் குரலும் தமக்கே சன்னமாகக் கேட்பதால் உரக்கப் பேசுகிறார். உரத்த குரலைக் கோபம் என்றே கேட்டுப் பழகியவர்கள் நாம். முகம் சுளிக்கிறோம், பதிலுக்குக் கத்துகிறோம். பழுதான காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது. உரத்த ஒலியோ சட்டென்று காதை அறையும். "ஏன்டா கத்துற?" என்கிறார் அவர். காது தொடங்கிய சண்டை மனத்தில் தங்கிவிடுகிறது. எனக்கு இதுதான் மிகவும் வருத்தம்.

ஏற்ற இறக்கம் இல்லாத குரல்

இதற்கு நேர்மாறும் உண்டு. பார்க்கின்சன் நோயில் குரல் தணிந்து, ஒரே சீராகிவிடும். பேரன் தேர்ச்சி பெற்ற செய்திக்குத் தாத்தா "சந்தோஷம்" என்பார். குரலில் சந்தோஷம் இருக்காது. அவருக்கு அக்கறையில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் தாக்கினாலும், மனச்சோர்விலும் இப்படி நேரலாம். பேச்சுப் பயிற்சி பார்க்கின்சன் நோயாளிகளின் குரலை ஓரளவு மீட்டுத் தரும்.

வீட்டிலும் கிளினிக்கிலும்

தொலைக்காட்சியை அடைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, நிதானமாகப் பேசுங்கள். சந்தேகம் வந்தால் "கோபமாப்பா?" என்று கேட்டுவிடலாம். அரசாங்க கிளினிக்கில் காதைக் காட்டுங்கள். சிலருக்கு வெறும் குறும்பி அடைப்பாகவும் இருக்கும். காதுக்கருவி தேவையென்றால் தயங்க வேண்டாம்.

இன்னும் ஆலை வேலையில் இருப்பவர்கள் கவனிக்க: 2019ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 85 டெசிபல். வேலையால் வந்த செவிக்குறைவுக்கு சொக்சோவில் கோரிக்கை வைக்கலாம்.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போங்கள். பேச்சு குழறி வாய் கோணினால் உடனே 999.