கடல் கடந்து வரும் பருந்துகள்

போர்ட்டிக்சன் போனால், கடலில் குளித்து, பிள்ளைகளைப் படம் பிடித்துக்கொண்டு செண்டாயான் திரும்பிவிடுகிறோம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அருகிலுள்ள தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கக் குன்றுக்கும் போவோமே! சுமத்ராவிலிருந்து ஏறக்குறைய 38 கிலோமீட்டர் கடலைக் கடந்து தேன்பருந்துகள் அங்கே வருகின்றன.

வெயிலில் சூடான தரையிலிருந்து மேலெழும் காற்றே அவற்றைச் சுமக்கிறது. கடல்மேல் அக்காற்று குறைவு. ஆகையால் சிறகடித்துக் களைத்து, கரையருகே தாழ்வாக வருகின்றன. படம் பிடிக்க அதுவே தருணம். சூரியனுக்கு எதிரே பிடித்தால் பறவை கருநிழலாகவே விழும். வெயில் நம் முதுகில் படும்படி நிற்போம்.

மரத்தில் இளைப்பாறும் பறவையை மட்டும், படத்துக்காகக் கல்லெறிந்து கிளப்ப வேண்டாம். அதன் பயணம் இன்னும் முடியவில்லை. நம் முன்னோரும் கடல் கடந்து, களைத்து, இக்கரையில் இறங்கியவர்கள்தாமே!