கடல் தானே சாத்திக்கொள்ளும் கதவு

குழந்தைகளே, அடுக்களையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டும் ஒரு கரண்டியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஒரு திருவிழாவுக்குப் போகிறோம்.

கனடாவின் கிழக்குக் கரையில், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், கராக்கெட் என்று ஒரு மீன்பிடி ஊர். ஆகஸ்ட் 15, மாலை நேரம். தெரு முழுக்க ஜனம். நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டைகளும் ஒரு மஞ்சள் நட்சத்திரமும் போட்ட கொடியை முகத்திலேயே வரைந்துகொண்டு வந்திருக்கிறார்கள். பாட்டி கையில் வாணலி. பேரன் கையில் பாத்திர மூடி. ஒருவர் மணி கொண்டுவந்திருக்கிறார், இன்னொருவர் ஊதுகுழல். கடிகாரம் 5.55 காட்டியதும் எல்லாரும் கையில் உள்ளதைத் தட்டிக்கொண்டு, ஊதிக்கொண்டு, கத்திக்கொண்டு நடக்கத் தொடங்குகிறார்கள். அதில் தாளமும் இல்லை, ராகமும் இல்லை, வெறும் சத்தம்தான். அதற்குப் பெயர் டின்டமார். பிரெஞ்சு மொழியில் இந்தச் சொல்லுக்குப் பொருளே ‘பெருஞ்சத்தம்’தான்.

அதென்ன 5.55? ஆறு மணிக்குத் தொடங்கினால் ஆகாதா? ரயில் நிலையத்துக் கடிகாரம் மாதிரி எழுதிப் பாருங்கள்: 17:55. நடுவில் இருக்கும் புள்ளிகளை அழித்துவிடுங்கள். 1755. இந்த மக்களின் வரலாற்றிலேயே மிகக் கொடிய ஆண்டு அது.

இவர்கள் அக்கேடியர்கள். 1604 முதல் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்து இந்தக் கரையில் குடியேறியவர்களின் வாரிசுகள். அங்கே ஏற்கெனவே காலங்காலமாக வாழ்ந்துவந்த மிக்மா மக்களோடு நட்பாக இருந்தார்கள். 1755இல் அவர்கள் எதை இழந்தார்கள் என்பது புரிய வேண்டுமானால், அவர்கள் எதை உண்டாக்கி வைத்திருந்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு நாம் பக்கத்து மாகாணமான நோவா ஸ்கோஷியாவுக்குப் போக வேண்டும். அங்கே உலகத்திலேயே மிக அதிகமாக ஏறி இறங்கும் கடல் இருக்கிறது.

நிலவின் ஈர்ப்பால் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதுதான் ஓதம். பல கடற்கரைகளில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றிரண்டு மீட்டர்தான். நோவா ஸ்கோஷியாவுக்கும் நியூ பிரன்ஸ்விக்குக்கும் நடுவே இருக்கும் ஃபண்டி விரிகுடாவின் கோடியில், பர்ன்ட்கோட் முனை என்ற இடத்தில், கடல் 16 மீட்டர் வரை ஏறுகிறது. ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம்! அதுவும் ஆறு மணி நேரத்துக்குள். மணிக்கு ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். அங்குள்ள சிறு துறைமுகங்களில் படகுகள் ஒரு வேளை சேற்றுத் தரையில் குந்தியிருக்கும். சில மணி நேரம் கழித்துப் போனால் அதே படகுகள் உங்கள் தலைக்கு நேராக மிதந்துகொண்டிருக்கும்.

நிலா எல்லா ஊருக்கும் ஒன்றுதானே, இங்கே மட்டும் ஏன் இப்படி? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். தம்பி ஆடுகிறான், நீங்கள் தள்ளுகிறீர்கள். கண்டபடி தள்ளினால் ஊஞ்சல் திணறும். அவன் பின்னால் வந்து திரும்புகிற அந்தக் கணத்தில் லேசாகத் தள்ளினாலே போதும், ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். ஊஞ்சலுக்கு ஒரு நேரக்கணக்கு இருப்பதுபோல, குளியலறைத் தொட்டித் தண்ணீருக்கும் உண்டு, விரிகுடாத் தண்ணீருக்கும் உண்டு. ஃபண்டி விரிகுடாவின் தண்ணீர் ஒருமுறை உள்ளே போய் வெளியே வர ஏறக்குறைய 13 மணி நேரம் ஆகிறது. அட்லாண்டிக் கடலின் ஓதம் அதை 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு தரம் தள்ளுகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று! ஒவ்வொரு தள்ளலும் சரியான நேரத்தில் வந்து சேர்வதால் ஆட்டம் பெரிதாகிறது. இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். விரிகுடா உள்ளே போகப் போக ஒடுங்கி, ஆழமும் குறைவதால் தண்ணீர் இன்னும் மேலே எழும்புகிறது.

ஒரு பெரிய தாம்பாளத்தில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, உள்ளங்கையால் மெல்ல முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஏதோ ஒரு வேகத்தில் திடீரென்று தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் கொட்டும். அந்த வேகம்தான் உங்கள் தாம்பாளத்தின் நேரக்கணக்கு. (அம்மாவிடம் சொல்லிவிட்டு, வாசலில் வைத்துச் செய்யுங்கள்.)

இப்படிப்பட்ட கடலோரத்தில்தான் அக்கேடியர்கள் விவசாயம் செய்தார்கள். அதுவும் காட்டை வெட்டி அல்ல, கடலிடமிருந்து நிலத்தை வாங்கி.

ஃபண்டியின் உள்குடாக்களில் ஓதம் ஒவ்வொரு முறையும் வண்டலைக் கொண்டுவந்து படியவிடுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்து படிந்து அது அகலமான சதுப்பு வெளியாகிவிட்டது. கிராண்ட் ப்ரே என்ற ஊரின் பெயருக்கே ‘பெரும் புல்வெளி’ என்று பொருள். 1680களில் அங்கே குடியேறிய சில குடும்பங்கள், அந்தச் சதுப்பைச் சுற்றி மண்கரை எழுப்பத் தொடங்கின.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். பத்து மீட்டருக்கும் மேல் ஏறும் கடலை மண்வெட்டி வைத்திருக்கும் நாலு குடும்பம் எப்படித் தடுக்கும்? விடை அந்த வண்டலிலேயே இருக்கிறது. தண்ணீர் எட்டுகிற உயரம் வரைக்கும்தான் வண்டல் படியும். அதனால் சதுப்பின் மேல்பரப்பு, கடல் ஏறும் உச்ச மட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதங்கள் மட்டும் அதன்மேல் ஏறிப் பரவும். ஆக, கரை ஓர் ஆள் உயரம் இருந்தாலே போதும். மீதி உயரத்தைக் கடலே கட்டிக் கொடுத்துவிட்டது!

கரைக்குச் செங்கல் எது? சதுப்புப் புல்லை வேரும் மண்ணுமாகச் செங்கல் அளவில், அதற்கென்றே செய்த ஒடுங்கிய மண்வெட்டியால் வெட்டி எடுத்தார்கள். அதைச் சுவர் மாதிரி அடுக்கினார்கள். அந்தப் புல் உப்புத் தண்ணீரில் வாழப் பழகியது. அடுக்கிய பிறகும் அது சாகாது. வேர் விட்டு ஒரு கட்டியை இன்னொரு கட்டியோடு தைத்துவிடும்.

ஆனால் கரையைக் கட்டிவிட்டால் இன்னொரு தொல்லை. உள்ளே பெய்யும் மழையும் ஓடி வரும் ஓடைத் தண்ணீரும் எங்கே போகும்? வெளியே விட வழி வைத்தால் அதே வழியில் கடல் உள்ளே வரும். தண்ணீர் வெளியே போக வேண்டும், உள்ளே வரக்கூடாது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் போய்க் கதவைத் திறந்து மூட ஆளும் இல்லை.

அவர்கள் செய்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஓடை கடலில் சேரும் இடத்தில், கரையின் அடியில் ஒரு மரத் தூம்பு. குடைந்த அடிமரம், அல்லது பலகைகளால் செய்த நீண்ட பெட்டி. அதற்குள் கடல் பக்கமாக ஒரு மரப்பலகை, மேல் விளிம்பில் மட்டும் கீல் போட்டுத் தொங்குகிறது. வெளிப்பக்கம் மட்டுமே திறக்கும். கடல் இறங்கியிருக்கும்போது உள்ளே தேங்கிய நல்ல தண்ணீர் பலகையை முட்டித் தள்ளி வெளியே ஓடிவிடும். கடல் ஏறத் தொடங்கியதும் வெளியிலிருந்து வரும் அழுத்தம் பலகையைத் தூம்பின் வாயோடு சேர்த்து அடைத்துவிடும். கடல் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு அழுத்தம். அவ்வளவு இறுக்கமாகக் கதவு மூடும். உள்ளே வரப் பார்க்கும் கடல், தன் பலத்தாலேயே தன் வழியைச் சாத்திக்கொள்கிறது.

இந்த மதகுக்கு அப்வாத்தோ என்று பெயர். உங்கள் நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள். அங்கேயும் நான்கு அப்வாத்தோக்கள் வேலை செய்கின்றன. இதய வால்வுகளும் இப்படித்தான் இரத்தத்தை ஒரு பக்கம் போகவிட்டு, திரும்பி வர முயன்றால் மூடிக்கொள்கின்றன.

கடலை வெளியே நிறுத்தியாயிற்று. உடனே விதைக்க முடியுமா? முடியாது. நறுக்கிய வெள்ளரித் துண்டில் உப்பைத் தூவிக் கொஞ்ச நேரம் வைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் கசிந்து துண்டு துவண்டுபோகும். உப்பு மண்ணில் பயிரின் வேருக்கும் இந்தக் கதிதான். மண்ணிலிருந்து நீர் வேருக்குள் ஏறாது. அதனால் அவர்கள் காத்திருந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் மழை பெய்து, உப்பைக் கரைத்து, வாய்க்கால் வழியாக மதகுக்கு வெளியே கொண்டுபோனது. அப்புறம் கோதுமை விளைந்தது, பட்டாணி விளைந்தது, மாடுகளுக்கு வைக்கோல் கிடைத்தது. சதுப்பைத் திருத்தும் வித்தையை அவர்களின் முன்னோர் மேற்கு பிரான்சின் கடலோரத்திலிருந்து கொண்டுவந்தார்கள். ஃபண்டியின் பேரோதத்துக்கு ஏற்றபடி அதை வளர்த்தெடுத்தவர்கள் இவர்களே. ஒரு குடும்பத்தால் மட்டும் கரை கட்ட முடியாது, ஓரிடத்தில் உடைந்தால் எல்லார் வயலும் போகும். அதனால் ஊரே சேர்ந்து கட்டியது, ஊரே காவல் காத்தது.

இப்போது 1755. அந்த நாடு அதற்குள் பிரிட்டிஷாரின் கைக்குப் போயிருந்தது. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சண்டை. நிபந்தனையின்றி விசுவாச உறுதிமொழி எடு என்றது அரசு. எந்தப் பக்கமும் ஆயுதம் தூக்க மாட்டோம் என்றார்கள் அக்கேடியர்கள். செப்டம்பர் 5ஆம் தேதி கிராண்ட் ப்ரே தேவாலயத்துக்கு ஆண்களையும் சிறுவர்களையும் வரச் சொன்னார்கள். 418 பேர் போனார்கள். நிலம், வீடு, கால்நடை எல்லாம் பறிமுதல். நீங்கள் நாடு கடத்தப்படுகிறீர்கள் என்று அங்கே வாசித்தார்கள். அடுத்த எட்டு ஆண்டுகளில் 10,000 பேருக்கும் மேல் கப்பல்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். பலர் நோயில் இறந்தார்கள், சில கப்பல்கள் மூழ்கின. பின்னாளில் அமெரிக்காவின் லூசியானாவில் போய்ச் சேர்ந்தவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்றைய கேஜன் மக்கள்.

ஆளில்லாத கரை என்ன ஆகும்? 1759 நவம்பரில் ஒரு பெரும்புயல் அடித்தது. கரைகள் உடைந்தன. வயல்களில் மறுபடி உப்புத் தண்ணீர். மறு ஆண்டு நியூ இங்கிலாந்திலிருந்து புதுக் குடியானவர்கள் வந்து நிலத்தைப் பெற்றுக்கொண்டார்கள். கரையை எப்படிச் சரிசெய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில், சிறையில் வைத்திருந்த அக்கேடியர்களையே கூலிக்கு அழைத்து வந்து கரை கட்டவைத்தார்கள். தங்கள் பாட்டன் உண்டாக்கிய நிலத்தில், அடுத்தவருக்குக் கூலி வேலை. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். நிலத்தைப் பறித்தவர்களால் அந்த வித்தையைப் பறிக்க முடியவில்லை.

பின்னர் திரும்பிவர அனுமதி கிடைத்தது, பழைய வயல்கள் கிடைக்கவில்லை. 1768 முதல் சில குடும்பங்கள் நோவா ஸ்கோஷியாவின் தென்மேற்கில் செயின்ட் மேரி விரிகுடா ஓரத்தில் கிளேர் என்ற பகுதியில் குடியேறின. பாறையும் மெல்லிய மண்ணும்தான் அங்கே. உழவர்கள் மீனவர்களானார்கள், கப்பல் கட்டும் தச்சர்களானார்கள். 1903 முதல் 1905 வரை அவர்கள் அங்கே மரத்தாலேயே ஒரு தேவாலயம் கட்டினார்கள். அதன் கோபுரம் 56 மீட்டர் உயரம். தலைமைத் தச்சர் லியோ மெலான்சனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடல்காற்றில் அவ்வளவு உயர மரக்கோபுரம் ஆடிப் புரண்டுவிடாமல் இருக்க, அதற்குள் 40 டன் கல்லை வைத்தார்கள். காலிப் பாட்டிலை ஊதினால் விழும், கூழாங்கல் போட்ட பாட்டில் விழாது. கப்பலின் அடியில் பாரம் வைத்துப் பழகியவர்களுக்கு இது தெரிந்ததுதானே!

கிளேரிலும் கோடையில் அக்கேடியத் திருவிழா நடக்கிறது, 1955 முதல். அங்கே போனால் ராப்யூர் சாப்பிடாமல் வரக்கூடாது. உருளைக்கிழங்கைத் துருவி, துணியில் வைத்துப் பிழிந்து, எவ்வளவு நீர் வந்தது என்று அளந்துகொள்வார்கள். அந்த அளவுக்குக் கொதிக்கும் கோழிச்சாற்றைத் துருவலில் ஊற்றுவார்கள். சூடு பட்டதும் கிழங்கின் மாவுத் துகள்கள் சாற்றைக் குடித்து உப்பி, கஞ்சி காய்ச்சும்போது ஆவதுபோல் எல்லாம் பசையாகித் திரளும். நடுவே கோழிக்கறியை வைத்து, மேலே பொன்னிறமாக மொறுமொறுக்கும்வரை அடுப்பில் வேகவிடுவார்கள். பச்சைத் தண்ணீரை எடுத்துவிட்டு ருசியான சாற்றை அதே இடத்தில் வைப்பது எவ்வளவு நல்ல யோசனை!

சரி, தட்டும் கரண்டியும் கையில் இருக்கின்றனவா? தட்டை விளிம்பில் இரண்டு விரலால் மட்டும் பிடித்துத் தட்டுங்கள். கணீரென்று நீளமாக ஒலிக்கும். இப்போது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துத் தட்டுங்கள். ‘டப்’ என்று அடங்கிவிடும்; அதிர்வை உங்கள் கை உறிஞ்சிக்கொண்டது. டின்டமாரில் வாணலியைக் காதைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தட்டினால் சத்தம் பெரிதாக வருவதன் இரகசியமும் இதுதான். நாடு கடத்தப்பட்ட 200ஆம் ஆண்டு நினைவாக 1955இல் தொடங்கியது இந்தச் சத்தம். 1979இல் கராக்கெட் அதை மீண்டும் எழுப்பியது. ‘நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்’ என்பதே அதன் பொருள். ஆகஸ்ட் 15ஐத் தங்கள் தேசிய நாளாக அக்கேடியர்கள் 1881லேயே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நம் கொடி ஏறும் அதே தேதி!

கிராண்ட் ப்ரேயின் 1,300 ஹெக்டேர் நிலத்தை 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அது காட்சிக்கு வைத்த நிலமல்ல. இன்றும் உழுது பயிரிடுகிறார்கள். கடல்மட்டம் உயர்ந்துவருவதால் கரைகளையும் உயர்த்த வேண்டியிருக்கிறது. மரத் தூம்புக்குப் பதில் இப்போது நவீனக் குழாய். கதவு மட்டும் அதே மாதிரி மேல் விளிம்பில் தொங்குகிறது. கடல் ஏறும் ஒவ்வொரு முறையும், நாளுக்கு இரண்டு தரம், தானே சாத்திக்கொள்கிறது.