சோழகக் காற்றுக்கு ஆயத்தம்

மலையுள்ள தேசங்களிலே, சைக்கிளைத் தொங்கு நாற்காலியில் ஏற்றிக்கொண்டு உச்சியை அடைந்து, காட்டினூடே அதற்கென்று வெட்டிய சரிவுப் பாதைகளில் விரைந்திறங்கும் விளையாட்டு இப்பொழுது மிகவும் பிரசித்தமாகியிருக்கிறது. கனடாவில் விசிலர் மலையிலுள்ள சைக்கிள் பூங்கா போன்ற இடங்களில் பாதைகளுக்குப் பச்சை, நீலம், கறுப்பு என்று நிறங்குறித்து, முதன்முறை வருபவர் தலைக்கவசமும் முழங்காற் காப்பும் அணிந்து பச்சையிலிருந்தே தொடங்கவேண்டுமென்று அறிவுறுத்துகிறார்கள். மன்னார்த் தீவிலோ குன்றென்று பெயர் சொல்ல ஒரு மேடும் கிடையாது. தள்ளாடியிலிருந்து பாலத்தைக் கடந்து தலைமன்னார் வரைக்கும் ஏறக்குறைய ஒரே மட்டமாகக் கிடக்கும் மணல் நிலம் அது. ஆயினும், மலைச்சரிவு அங்கே மனிதனுக்கு அளிக்கின்ற வேகத்தையும் சாகசத்தையும் இங்கே காற்று அளிக்கின்றது. கைட் சேர்ஃபிங் என்று வழங்கும் பட்டச் சறுக்கு விளையாட்டுக்காகப் பல தேசத்தாரும் தலைமன்னார்ப் பக்கத்துக் கரையை நாடி வருகிறார்கள். அதற்கென்றே விடுதியும் பயிற்சியும் அங்கே உண்டு. அக்கடலின் காற்றை இன்னின்ன பெயரென்று சொல்லி அழைக்கும் பாஷையைப் பேசுகின்ற நம்மவரும் அங்கே போகவேண்டும், ஆனால் தக்க ஆயத்தத்தோடு போகவேண்டும் என்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

விளையாட்டின் சுருக்கம் இது. ஓர் ஆள் இடுப்பிலே அகன்ற பட்டை ஒன்றைக் கட்டி, 20 மீற்றருக்கு மேல் நீளமான நான்கு அல்லது ஐந்து கயிறுகளால் வானிலே நிற்கும் பெரிய பட்டத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு, காலிலே ஒரு பலகையை மாட்டி, அப்பட்டம் இழுக்க நீர்மேல் சறுக்கிச் செல்கிறார். பிரான்சின் பிரிட்டனிப் பிரதேசத்தைச் சேர்ந்த புருனோ, டொமினிக் லெகேனு என்னும் சகோதரர் இருவர், காற்றடைத்த குழாயை விளிம்பாகக் கொண்டதும், கடலில் வீழ்ந்தாலும் அமிழாமல் மிதந்து மீண்டும் எழக்கூடியதுமான பட்டத்தை உருவாக்கி, 1984 இல் அதற்கு உரிமை பதிந்துகொண்டார்கள். அது உலகமெங்கும் பரவி ஒரு விளையாட்டாக நிலைபெற்றது 1990களின் இறுதியிலேதான். 2024 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக அது இடம்பெற்றபோது, போட்டிகள் மார்செய் நகரக் கடலில் நடைபெற்றன.

முதலிலே அறியவேண்டியது காற்றைப் பற்றி. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் தென்மேற்கிலிருந்து சோழகம் வீசுகிறது. மார்கழி முதல் மாசி வரைக்கும் வடகிழக்கிலிருந்து வாடை வீசுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் காற்று தளர்ந்தும் திசைமாறியும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் சேர்ந்துகொள்ளும். இக்காற்றின் உறுதிக்குச் சாட்சி வேண்டுவோர் தீவின் தென்கரையில் வரிசையாக நிற்கும் தம்பபவனிக் காற்றாலைகளைப் பார்க்கலாம். 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட அந்த நிலையத்தில் 30 சுழலிகள் ஏறத்தாழ 100 மெகாவாட் மின்சாரம் உற்பத்தி செய்யும் வல்லமையுடையன.

காற்று எத்துணை பலமானது என்பதைக் காட்டிலும், அது கரையை நோக்கி வருகின்றதா, கரையிலிருந்து கடலை நோக்கிப் போகின்றதா என்பதே புதியவரின் உயிருக்கு முக்கியம். மன்னார்த் தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக 26 கிலோமீற்றர் அளவுக்கு நீண்டு கிடப்பதால், அதன் ஒரு பக்கம் மன்னார் வளைகுடாவையும் மறுபக்கம் பாக்கு விரிகுடாவையும் நோக்குகின்றது. சோழகக் காலத்திலே தாழ்வுபாட்டுப் பக்கத்துத் தென்கரையில் காற்று நேராகக் கரையேறும். அதே வேளையில் பேசாலை, எருக்கலம்பிட்டி முதலிய வடகரையிலோ அது நிலத்தைக் கடந்து கடலுக்குள் இறங்கும். அங்கே நீர் அலையின்றிப் பளிங்காய்த் தோன்றுவதைக் கண்டு, இதுவே கற்பதற்கு உகந்த இடமென்று எண்ணுகிறவர், பட்டம் கைநழுவினாலோ பலகை தவறினாலோ பாக்கு விரிகுடாவின் நடுவை நோக்கி அடித்துச் செல்லப்படுவார். வாடைக் காலத்தில் இந்நியாயம் அப்படியே தலைகீழாகும். நேராகக் கரையேறும் காற்றும் நல்லதன்று. பனைமரங்களின் மேலும் வாடிகளின் மேலும் அது ஆளைத் தூக்கி எறியக்கூடும். கரை வளைந்து செல்லும் இடங்களில், பக்கவாட்டாகவும் சற்றே கரையை நோக்கியும் காற்று வீசும் பகுதியைத் தெரிந்துகொள்வதே உத்தமம். இதைப் பயிற்சியாளரிடம் கேட்பதோடு நிற்காமல், விடியற்காலையில் தோணி இறக்குகின்ற கடற்றொழிலாளரிடமும் கேட்கவேண்டும். இன்று கச்சான் என்னும் மேல்காற்று கலக்கிறதா, பிற்பகலில் காற்று ஏறுமா என்பதை அவர்கள் அலையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கைப்பேசியில் வரும் முன்னறிவிப்பு அந்த அறிவுக்குத் துணையாக இருக்கலாமேயன்றி அதற்கு ஈடாகாது.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் இழுவிசை நான்கு மடங்காகும் என்னும் பௌதிக நியதியை ஒருபொழுதும் மறக்கலாகாது. மணிக்கு 12 கடல்மைல் வேகத்தில் இதமாக இழுக்கின்ற அதே பட்டம், 24 கடல்மைலில் ஆளை நிலத்தினின்று கிளப்பிவிடும். ஆகையால் காற்று வலுக்க வலுக்கச் சிறிய பட்டத்தையே எடுக்கிறார்கள். பட்டத்தின் பரப்பு ஆளின் நிறையையும் பொறுத்தது. பயிற்சியாளர் நிறையைக் கேட்கும்போது கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்வது வேண்டாத வினை. சரீரபலத்தைப் பற்றிப் பலருக்கு ஒரு தப்பபிப்பிராயம் இருக்கிறது. கையால் இழுத்துப் பிடிக்கும் வேலை இதில் மிகவும் சொற்பம். பாரத்தையெல்லாம் இடுப்புப் பட்டையே தாங்குகிறது. பெண்களும், ஐம்பது வயதைக் கடந்தவர்களும் இதைத் தாராளமாகக் கற்கலாம். ஆனால் ஆழ்ந்த நீரில் பதற்றமின்றி நீந்தத் தெரியாதவர், முதலில் நீச்சலைக் கற்றுக்கொண்டு அடுத்த பருவத்தில் வருவதே முறை. போகுமுன் சில வாரங்கள் நாள்தோறும் நீந்துவதும், தொடைக்கும் முதுகுக்கும் அப்பியாசம் கொடுப்பதும் போதிய ஆயத்தமாகும்.

இவ்வித்தையில் முதற்பாடம் பிடிப்பதன்று, விடுவது. இடுப்புப் பட்டையின் கொளுவியில் மாட்டும் வளையத்துக்குச் சற்று மேலே, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், கைக்கு அடக்கமான ஒரு பிடி இருக்கும். அதை உடலினின்று அப்பால் தள்ளியவுடன் வளையம் திறந்துகொள்ளும். பட்டம் ஒற்றைக் கயிற்றில் கொடிபோல் துவண்டு, இழுக்கும் சக்தியை இழந்து கடலில் வீழும். அந்த ஒற்றைக் கயிற்றையும் விடுவிக்க இன்னொரு பிடி உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டாலும் கை தானாகவே அவ்விடம் சேரும்வரை கரையில் நின்று இதைத் திரும்பத் திரும்பப் பழகவேண்டும். ஏனெனில் அபாயம் நேரும் கணத்திலே மனிதனுடைய இயல்பான உணர்ச்சி கைப்பிடியை இன்னும் இறுகப் பற்றச் சொல்கிறது, அப்படிப் பற்றி இழுப்பதோ பட்டத்தின் வேகத்தை மேலும் கூட்டிவிடுகிறது. பிடியினுள்ளே மணற்பரல் புகுந்து அடைத்துக்கொள்வதும் உண்டாதலால், ஒவ்வொரு முறையும் நீரில் இறங்குமுன் அதனை ஒருமுறை திறந்து மூடிப் பார்ப்பது நல்ல பயிற்சியாளரின் வழக்கம். இதைச் செய்யாமலே பட்டத்தைப் பறக்கவிடும் ஒருவரிடம், அவர் எவ்வளவு மலிவாகச் சொல்லித்தர முன்வந்தாலும், கற்கவேண்டாம்.

கற்கும் முறையும் படிப்படியானதே. முதலில் நிலத்திலே சிறு பட்டம். காற்று போகும் திசைக்கு நேரே பட்டம் நின்றால் இழுவிசை உச்சத்திலிருக்கும். பக்கவாட்டிலோ தலைக்கு நேர்மேலோ நின்றால் அது தணிந்துவிடும் என்பதை உடம்பு அங்கே உணர்கிறது. அடுத்து, பட்டத்தைக் கவிழ்த்து, காற்றடைத்த விளிம்பு காற்றை எதிர்நோக்கும்படி வைத்து, துணியின்மேல் மணலை அள்ளிப் போட்டு அடக்கிவைக்கும் வித்தை. பிறகு கயிறுகளை விரித்து, முறுக்கோ முடிச்சோ இல்லாதபடி ஒவ்வொன்றாக விரலிடையில் உருவிக்கொண்டு நடக்கவேண்டும். இடமும் வலமும் மாறிப் பூட்டப்பட்ட ஒரே கயிறு பெருவிபத்துக்குக் காரணமாகலாம். அதன்பின் பலகையின்றி நீரிலே உடலால் இழுபட்டுச் செல்லும் பயிற்சி. பலகை கடைசியில்தான் வரும். ஆக 9 முதல் 12 மணிநேரப் பயிற்சி பெரும்பாலோருக்கு வேண்டியிருக்கும். ஒரே நாளில் வந்து திரும்ப எண்ணுவோர் ஏமாற்றமடைவர். காற்றில்லாத நாளொன்றையும் கணக்கிற் சேர்த்து நான்கைந்து நாள் தங்கும்படி பிரயாணத்தை வகுத்துக்கொள்வது நலம்.

கரை பொதுவானது என்றாலும், அது பலருக்குப் பிழைப்பும் ஆகும். கரைவலை வளைத்திருக்கும் இடத்தில் அதன் கயிறு நீருக்குள் வெகுதூரம் கிடக்கும். அங்கே பலகை பாய்ந்தால் வலையும் கிழியும், மனிதனுக்கும் ஊறு நேரும். வாடியிலுள்ளவர்களிடம், “அண்ணை, வலை எந்தப் பக்கம் கிடக்குது?” என்று ஒரு வார்த்தை கேட்பதில் ஒரு குறையும் இல்லை. மரம், படகு, மின்கம்பம் எதனிலிருந்தும் குறைந்தது 50 மீற்றர் தள்ளியே பட்டத்தை எழுப்பவேண்டும். ஆழமற்ற நீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிச் சென்றுவிடும்.

பறவைகளின் விஷயத்தில் எனக்குத் தளர்வான அபிப்பிராயம் இல்லை. வாடைக் காலத்திலே மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் எண்ணிறந்த வலசைப் பறவைகள் மன்னாரின் களப்புகளுக்கு வருகின்றன. பூநாரைகளும் அங்கே கூடுகின்றன. வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. தலைமன்னாருக்கு அப்பாலுள்ள மணல்திட்டுகளில் ஆலாப் பறவைகள் முட்டையிடுகின்றன. அத்திட்டுகளை உள்ளடக்கிய ஆதாம் பாலப் பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தலைக்குமேல் விரைந்தோடும் பட்டத்தின் நிழல் ஒரு பறவைக்குப் பெரும் கழுகாகவே தோன்றும். ஆயிரக்கணக்கான மைல் பறந்துவந்து இளைத்திருக்கும் உயிரை ஒரு சறுக்கலின் இன்பத்துக்காகக் கிளப்பிவிடுவது எவ்விதத்திலும் நியாயமாகாது. ஆகவே பறவை மேயும் களப்புகளில் பட்டம் விடவே கூடாது. திட்டுகளுக்குச் செல்ல விரும்புவோர் உரிய அநுமதியை முன்னரே பெறவேண்டும்.

போக்குவரத்து இப்போது கஷ்டமில்லை. யுத்த காலத்தில் நின்றுபோயிருந்த தலைமன்னார்ப் புகையிரதம் 2015 இல் மீண்டும் இறங்குதுறை வரைக்கும் ஓடத் தொடங்கியது. மதவாச்சியிலிருந்து வரும் நெடுஞ்சாலையும் செம்மையாக இருக்கிறது. உபகரணங்களை வாங்கிக்கொண்டு போகவேண்டிய அவசியமில்லை, பயிற்சி இடத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். நாம் கொண்டுபோகவேண்டியவை, உடலை ஒட்டிய நீண்ட கைச்சட்டை, வெயில் தடுக்கும் களிம்பு, கயிறு கட்டிய கறுப்புக் கண்ணாடி, குடிநீர்ப் போத்தல் ஆகியனவே. தலைக்கவசத்தையும் மிதவைச் சட்டையையும் அங்கே கேட்டுப் பெற்று, அளவு சரிபார்த்து அணியவேண்டும். மாலையில் இடுப்புப் பட்டை, பலகை, பிடி எல்லாவற்றிலும் படிந்த உப்பை நன்னீரில் கழுவாவிட்டால் அவை விரைவில் பழுதாகும். ஆனால் தீவிலே நன்னீர் அருமையாதலால், குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாமல், ஒரு வாளி நீரில் ஒவ்வொன்றாக முக்கி எடுத்து நிழலில் உலரவிடவேண்டும்.